ருகர் 10/22-ஆ, மார்லின் 60-ஆ? 400 டாலருக்குள் முதல் ரைஃபிள் வாங்குவோர் கேட்கும் கேள்விகள்

டெக்சஸில் இருக்கிறேன். மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமையாவது காலையில் ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்துக்குப் போய்விடுவேன். அது தெரிந்த தமிழ் நண்பர்கள், முதல் துப்பாக்கி வாங்க நினைக்கும்போது என்னைத்தான் அழைப்பார்கள். பெரும்பாலும் கேள்வி இந்த இரண்டு ரைஃபிள்களில்தான் வந்து நிற்கும். கையில் 400 டாலர் இருக்கும், வீட்டில் பிள்ளைகள் இருப்பார்கள், இதற்கு முன் துப்பாக்கியைத் தொட்டிருக்க மாட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையெல்லாம் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

இந்த இரண்டும் என்ன மாதிரி ரைஃபிள்கள்?

இரண்டுமே .22 எல்.ஆர். என்ற சின்னத் தோட்டாவைச் சுடும் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்கள். மார்லின் மாடல் 60 வந்தது 1960-ல். ருகர் 10/22 வந்தது 1964-ல். அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அமெரிக்கக் கிராமப்புறங்களில் பிள்ளைகள் முதன்முதலில் சுடப் பழகியது பெரும்பாலும் இந்த மாதிரித் துப்பாக்கிகளில்தான். தகர டப்பாவைக் குறிவைப்பது, அணில் வேட்டை, காகித இலக்கு எல்லாவற்றுக்கும் இவையே.

பெரிய வித்தியாசம் ஒன்றுதான். ருகரில் தோட்டாக்கள் கழற்றி மாட்டும் ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கும். மார்லினில் பேரலுக்கு (குண்டு வெளியேறும் குழலுக்கு) அடியில் ஓடும் நீளமான குழாய்க்குள் இருக்கும். மற்ற வித்தியாசங்கள் பலவும் இதிலிருந்து கிளைத்தவைதான்.

செமி ஆட்டோமேட்டிக் என்றால் தொடர்ந்து சுட்டுக்கொண்டே இருக்குமா?

இல்லை. டிரிக்கரை ஒரு முறை அழுத்தினால் ஒரு தோட்டாதான் வெடிக்கும். வெடித்த வேகத்தில் போல்ட் என்ற உள்ளே ஓடும் இரும்புக் கட்டை பின்னால் போய், காலிக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவை உள்ளே ஏற்றிவிடும். அடுத்ததைச் சுட விரலை விட்டு மறுபடி அழுத்த வேண்டும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. ஒரு முறை சுட்டதுமே துப்பாக்கி அடுத்ததற்குத் தயாராகிவிடுகிறது. புதிதாகப் பழகுபவர்கள் தடுமாறுவது இங்கேதான். "சுட்டாச்சு" என்று சந்தோஷத்தில் திரும்புவார்கள், குழலும் கூடவே திரும்பும்.

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா?

எந்த ரைஃபிள் என்ற கேள்வியே இதற்குப் பிறகுதான். அமெரிக்காவில் துப்பாக்கி எல்லாரும் வாங்கலாம் என்று நம் ஊர்க்காரர்கள் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது தவறு. எச்1பி, எல்1, எஃப்1, எச்4 போன்ற தற்காலிக விசாவில் நாட்டுக்குள் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வாங்குவது மட்டுமல்ல, கையில் வைத்திருப்பதும் அதில் அடங்கும். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் அந்தக் கணக்கில் வந்துவிடலாம்.

இதற்குச் சில விலக்குகள் உண்டு. அதிகம் பேசப்படுவது, ஏதாவது ஒரு மாநிலம் கொடுத்த செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் வாங்கலாம், வைத்திருக்கலாம் என்பது. உரிமம் காலாவதியான மறுநாளே அந்த விலக்கும் போய்விடும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை.

என் வேண்டுகோள் இதுதான்: தற்காலிக விசாவில் இருந்தால், வேட்டை உரிமம் கையில் இருந்தாலும், குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு முடிவெடுங்கள். துப்பாக்கிக் குற்றம் நாடு கடத்தலுக்கே காரணமாகலாம். பத்துப் பன்னிரண்டு வருடம் கிரீன் கார்டு வரிசையில் நின்றுவிட்டு ஒரு .22-க்காக அதை இழக்க வேண்டாம். கணவர் விசாவில், மனைவி குடிமகள் என்ற வீடுகளிலும் இதே கவனம் தேவை. துப்பாக்கி மனைவியுடையதாக இருந்தாலும், பூட்டின் சாவி கணவரிடம் இருந்தால் அவரும் வைத்திருப்பதாகக் கருதப்படலாம்.

இன்னொருவருக்காக நம் பெயரில் வாங்கிக் கொடுப்பதும் மத்தியக் குற்றம். "மச்சான், உன் பேர்ல எடுத்துக் குடு, காசு நான் தர்றேன்" என்று யார் கேட்டாலும் முகத்துக்கு நேரே மறுத்துவிடுங்கள்.

கடையில் என்ன நடக்கும்?

உரிமம் பெற்ற கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும். ரைஃபிளுக்கு மத்தியச் சட்டப்படி 18 வயது ஆகியிருக்க வேண்டும். குடிமகன் அல்லாதவர்கள் தங்கள் குடிவரவு எண்ணையும் எழுத வேண்டும். கடைக்காரர் அதைப் பின்னணிச் சோதனைக்கு அனுப்புவார். பலருக்குச் சில நிமிடத்தில் பதில் வந்துவிடும். சிலருக்குத் தாமதம் என்று வரும். பதற வேண்டாம், சில நாள் காத்திருக்க வேண்டியிருக்கும். படிவத்தில் ஒரு கேள்வி புரியவில்லை என்றால் தோராயமாக டிக் அடிக்காதீர்கள். பொய்யான பதில் தனிக் குற்றம்.

மாநிலத்துக்கு மாநிலம் மேலும் விதிகள் உண்டு. நியூ ஜெர்சியில் முதலில் அடையாள அட்டை எடுக்க வேண்டும், இல்லினாயிலும் அப்படி ஓர் அட்டை உண்டு. கலிஃபோர்னியாவில் பாதுகாப்புத் தேர்வு எழுதி, பத்து நாள் காத்திருக்க வேண்டும். வாஷிங்டனில் எந்த செமி ஆட்டோ ரைஃபிளுக்கும் 21 வயது ஆக வேண்டும், .22 ஆனாலும் சரி. நியூயார்க்கில் 2022 முதல் செமி ஆட்டோ ரைஃபிளுக்குத் தனி உரிமம் வேண்டும். விதிகள் அடிக்கடி மாறுவதால் வாங்கும் வாரத்தில் உங்கள் மாநில அரசின் தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

400 டாலரை எப்படிப் பிரிப்பது?

அதில் முழுதாக ஒரு ரைஃபிளை வாங்கிவிட்டால் சுட முடியாது. காதுக்கும் கண்ணுக்கும் பாதுகாப்பு, சுத்தம் செய்யும் கருவி, பூட்டு, தோட்டா, ரேஞ்ச் கட்டணம் எல்லாம் இருக்கிறது. என் கணக்கில் ரைஃபிளுக்கு 250 முதல் 300, மீதி மற்றவற்றுக்கு.

எங்கள் பக்கத்துக் கடைகளில் சாதாரண மரக்கட்டை வைத்த புதிய 10/22 சுமார் 300 டாலர். பழைய 10/22 என்றால் 200-லிருந்து 250. நல்ல நிலையில் உள்ள பழைய மார்லின் 60 சுமார் 150-லிருந்து 250. ஆக, இரண்டுக்கும் இடையே நூறு டாலர் வரை வித்தியாசம் வரலாம். நூறு டாலருக்கு .22 தோட்டா ஆயிரத்துக்கும் மேல் வாங்கலாம். மார்லினைத் தேர்ந்தெடுப்பவர்கள் சொல்லும் வாதம் இதுதான். அதில் நியாயம் இருக்கிறது. முதல் ஆயிரம் தோட்டா சுடும்போது வரும் பழக்கத்தை எந்த உதிரிபாகமும் தராது.

தோட்டா நிரப்புவதில் அப்படி என்ன வித்தியாசம்?

ருகரின் மேகசின், அதாவது அந்தச் சின்னப் பெட்டி, உள்ளங்கைக்குள் அடங்கும். உள்ளே ஒரு சின்னச் சக்கரம் சுழலும், பத்துத் தோட்டா பிடிக்கும். மேஜையில் உட்கார்ந்து கட்டைவிரலால் ஒவ்வொன்றாக அழுத்தி நிரப்பலாம். பிறகு ரைஃபிளின் அடிவயிற்றில் 'கிளிக்' என்று உட்கார வைக்க வேண்டும். மேகசின் வெளியே முட்டாமல் மரத்தோடு மட்டமாக நிற்கும். தூக்கிக்கொண்டு நடக்கச் சுகமாக இருக்கும்.

மார்லினில் பேரலின் முனைப் பக்கம் பித்தளைக் குழாயின் தலை ஒன்று இருக்கும். அதைத் திருகிப் பாதிக்கு மேல் வெளியே இழுக்க வேண்டும். வெளிக்குழாயில் தோட்டா வடிவத்திலேயே ஒரு துளை வெட்டியிருப்பார்கள். அதன் வழியே ஒவ்வொன்றாகப் போட்டால் 'சர்ர்' என்று சறுக்கி உள்ளே இறங்கும். பதினான்கு பிடிக்கும். 1980-களின் பிற்பகுதிக்கு முந்தைய நீளமான துப்பாக்கிகளில் பதினேழு, பதினெட்டு கூடப் பிடிக்கும். பிறகு உள்குழாயைத் தள்ளித் திருகினால் முடிந்தது. மேகசின் தொலைந்துபோகும் கவலை இல்லை, தனியாக வாங்கும் செலவும் இல்லை.

ஆனால் நான் தயங்கும் இடமும் இதுதான். குழாயை இழுக்கும்போது, செருகும்போது, கை துப்பாக்கியின் வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பெரியவர்கள் போல்ட்டைத் திறந்து வைத்து, குழலை மேலே காட்டி, ஓரமாக நின்று கவனமாகச் செய்வார்கள். பத்து வயதுப் பையன் குழாயின் ஓட்டையை எட்டிப் பார்க்கக் குனிவான். முகம் எங்கே வருகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

காலி செய்வதும் அப்படியே. ருகரில் மேகசினைக் கழற்று, போல்ட்டை இழு, சேம்பருக்குள் (தோட்டா வெடிக்கும் அறைக்குள்) பார், விரல் விட்டுத் தடவு. மேகசின் மேஜையில் கண்ணெதிரே கிடக்கும். மார்லினில் குழாயை முழுதாக உருவி, துப்பாக்கியைச் சாய்த்துத் தோட்டாக்களைக் கொட்ட வேண்டும். அதன் பிறகும் உள்ளே தோட்டாவைத் தூக்கி ஏற்றும் பாகத்தில் ஒன்று தங்கியிருக்கலாம். அதனால் போல்ட்டை நாலைந்து முறை இழுத்துவிட்டு, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். "எண்ணிட்டேன், பதினாலும் வந்திடுச்சு" என்பதை ஒருபோதும் ஏற்காதீர்கள்.

மார்லினுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. 1980-களின் நடுவிலிருந்து வந்தவற்றில் கடைசித் தோட்டா சுட்டதும் போல்ட் தானாகவே திறந்து நிற்கும், தீர்ந்துவிட்டது என்று பார்த்ததும் தெரியும். ருகரில் அது கிடையாது. கடைசித் தோட்டாவுக்குப் பிறகும் போல்ட் மூடிக்கொள்ளும், அடுத்த முறை டிரிக்கரை அழுத்தி 'டிக்' என்று கேட்டால்தான் தெரியும். ருகரில் போல்ட்டைத் திறந்து நிறுத்த கீழே உள்ள சின்ன நெம்புகோலைக் கையால் பிடிக்க வேண்டும். முதல் நாள் எல்லாரும் அதோடு மல்லுக்கட்டுவார்கள்.

எது துல்லியமாகச் சுடும்?

பெட்டியிலிருந்து எடுத்தபடியே சுட்டால், மார்லின் ஒரு படி மேல் என்று சொல்பவர்கள் அதிகம். அதன் பேரலுக்குள் 'மைக்ரோ குரூவ்' என்ற பதினாறு ஆழம் குறைந்த வரிப்பள்ளங்கள் ஓடும். ஆனால் 50 கஜத்தில் புதிதாகச் சுடுபவரின் கை நடுக்கம் எந்தப் பேரல் வித்தியாசத்தையும் விழுங்கிவிடும். அதைவிடத் தோட்டாதான் பெரிய காரணம். ஒவ்வொரு .22-க்கும் ஒரு தோட்டா பிடிக்கும், ஒன்று பிடிக்காது. நாலு வகையில் ஐம்பது ஐம்பது வாங்கிச் சுட்டுப் பாருங்கள். பிடித்ததை மொத்தமாக வாங்குங்கள்.

தோட்டா செலவு எவ்வளவு ஆகும்?

மொத்தமாக வாங்கினால் ஒன்று சுமார் 6 முதல் 10 சென்ட். ஏஆர்-15 என்ற பெரிய ரைஃபிள் சுடும் .223 தோட்டாவின் விலை இதைப்போலப் பல மடங்கு. முதல் ரைஃபிள் .22 ஆக இருக்கட்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, தோள்பட்டையை உதைக்காது. உதைக்குப் பயந்து கண்ணை மூடிச் சுடும் பழக்கம் ஒரு தடவை ஒட்டிக்கொண்டால் போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

சின்னத் தோட்டாதானே என்று அலட்சியம் வேண்டாம். இது ஒரு மைலுக்கும் மேல் போகக்கூடியது. பின்னால் மண்மேடு இல்லாத இடத்தில் சுடவே கூடாது. குண்டு ஈயம் என்பதால் சுட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவாமல் டிபன் டப்பாவைத் திறக்காதீர்கள்.

பழைய மார்லின் வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் கம்பெனியின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். மார்லின் பல பத்தாண்டுகள் கனெக்டிகட் மாநிலம் நார்த் ஹேவனில் இயங்கியது. 2007 கடைசியில் ரெமிங்டன் என்ற இன்னொரு துப்பாக்கிக் கம்பெனி அதை வாங்குவதாக அறிவித்தது. 2011-ல் அந்தத் தொழிற்சாலை மூடப்பட்டு, உற்பத்தி நியூயார்க் மாநிலம் இலியனுக்குப் போனது. 2020-ல் ரெமிங்டன் திவாலானபோது ஏலத்தில் மார்லினை வாங்கியது யார் தெரியுமா? ருகர்தான். ஆக, இன்று நாம் ஒப்பிடும் இரண்டு பெயர்களும் ஒரே கூரைக்குள் இருக்கின்றன. ருகர் முதலில் கை வைத்தது மார்லினின் லீவர் ரைஃபிள்களில், அதாவது நெம்புகோலை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகையில். அதனால் அடகுக்கடை, துப்பாக்கிச் சந்தை, தாத்தாவின் அலமாரி என்று நம் கைக்கு வரும் மாடல் 60 பெரும்பாலும் பழையதாகத்தான் இருக்கும்.

நார்த் ஹேவன் காலத்துத் துப்பாக்கியின் வயதைச் சீரியல் எண்ணிலேயே கணக்கிடலாம். 1970-களின் நடுவிலிருந்து, முதல் இரண்டு இலக்கத்தை 100-லிருந்து கழித்தால் ஆண்டு வரும். 22 என்று தொடங்கினால் 78, அதாவது 1978. 91 என்று தொடங்கினால் 9, அதாவது 2009. 'எம்ஆர்' என்று தொடங்கினால் ரெமிங்டன் காலத்தது. 'கிளென்ஃபீல்ட்' என்ற பெயரோடு, கைப்பிடி மரத்தில் அணில் உருவம் பதித்த ஒன்றைப் பார்த்தால் ஒதுக்க வேண்டாம். அதுவும் இதே மாடல் 60-தான், மார்லினின் மலிவு வரிசையில் விற்றது.

பிறகு துப்பாக்கியைக் கையில் வாங்கிப் பாருங்கள். உள்குழாய் வளையாமல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும். குழாயை யாராவது மிதித்திருந்தால் தோட்டா சிக்கும். குழலின் வாயில் அடிபட்ட தழும்பு இருக்கக் கூடாது. போல்ட்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாங்கி இருக்கும். பழைய துப்பாக்கிகளில் அது பழுப்பேறி நொறுங்கிவிடும். புதியது சில டாலர்தான், ஆனால் உடைந்ததோடு சுட்டால் உலோகம் அடி வாங்கும். கடைக்காரர் கழற்றிக் காட்ட மறுத்தால் விலையில் இருபது டாலர் குறைக்கச் சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள்.

சுத்தம் செய்வது எதில் சுலபம்?

.22 தோட்டா அழுக்கானது. மெழுகும் கரியும் சேர்ந்து உள்ளே பசை மாதிரி ஒட்டும். 'துப்பாக்கி கெட்டுப்போச்சு, சிக்குது' என்று வரும் புகார்களில் முக்கால்வாசி அழுக்குதான். இந்த விஷயத்தில் மார்லின் கொஞ்சம் கோபக்காரன். உள்ளே தோட்டாவைத் தூக்கும் பாகங்களும் மெல்லிய ஸ்பிரிங்குகளும் அதிகம். இரண்டு திருகைக் கழற்றினால் மரத்திலிருந்து பிரிந்துவிடும், ஆனால் போல்ட்டை எடுக்கும்போது ஸ்பிரிங் எகிறி எங்காவது போய் விழும். வெள்ளை வேட்டியோ பழைய படுக்கை விரிப்போ விரித்துக்கொண்டு உட்காருங்கள், விழுந்தது கண்ணில் படும்.

ருகரில் திருகைக் கழற்றி, இரண்டு ஆணிகளைத் தள்ளினால் டிரிக்கர் தொகுதி முழுதாகக் கையில் வரும். ஒரே குறை, சாதாரண மாடல்களில் பின்பக்கமிருந்து சுத்தம் செய்யும் கம்பியை விட வழியில்லை. அதனால் சேம்பர் பக்கமிருந்து விட்டு, வாய்ப்பக்கமாக இழுக்கும் சுத்தம் செய்யும் கயிறு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்கோப், புது டிரிக்கர், புது மரக்கட்டை?

மார்லினில் மேலே தவாளிப்பு வெட்டியிருக்கும், அதிலேயே மலிவான வளையங்களை மாட்டி ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வைக்கலாம். மற்றபடி மாற்ற அதிகம் இல்லை. ருகருக்கு உதிரிபாகங்கள் ஒரு கடல். பேரல் வெறும் இரண்டு திருகில் நிற்பதால் வீட்டிலேயே மாற்றலாம். அதுதான் ஆபத்தும்கூட. 300 டாலருக்கு வாங்கியதில் இன்னொரு 600-ஐக் கொட்டியவர்களை எனக்குத் தெரியும். முதல் வருடம் எதையும் மாற்றாதீர்கள். ஸ்கோப் இல்லாமல், துப்பாக்கியிலேயே இருக்கும் இரும்புக் குறியிலேயே பழகுங்கள்.

முறையாகக் கற்றுக்கொள்ள எங்கே போவது?

ஆப்பிள்சீட் என்ற வாரயிறுதிப் பயிற்சி நாடு முழுக்க நடக்கிறது. 25 மீட்டரில்தான் சுடுவார்கள், அமெரிக்கப் புரட்சியின் வரலாற்றையும் இடையிடையே சொல்வார்கள். அங்கே நின்று, உட்கார்ந்து, படுத்துச் சுட வேண்டும். நேரக் கணக்கில் நடுவே மேகசின் மாற்ற வேண்டியும் வரும். குழாய்த் துப்பாக்கி அங்கே திண்டாடும். 10/22-ம் இரண்டு மேகசினும் ஒரு தோள்வாரும் இருந்தால் போதும். மார்லின்தான் பிடிக்கும் என்பவர்கள் பழைய மார்லின் 795-ஐத் தேடலாம். மாடல் 60-ன் தம்பி, ஆனால் பெட்டி மேகசின்.

வீட்டுப் பாதுகாப்புக்கு உதவுமா?

அதற்காக இதை வாங்காதீர்கள். இது பழகுவதற்கும் சின்ன வேட்டைக்கும் உள்ளது.

பிள்ளைகள் உள்ள வீட்டில் எப்படி வைப்பது?

பூட்டி, காலியாக, தோட்டாவை வேறு இடத்தில் இன்னொரு பூட்டுக்குள். அலமாரிக்கு மேலே துணிக்கு அடியில் என்பது ஒளித்து வைப்பதே தவிரப் பூட்டுவதாகாது. நம் வீடுகளில் கொலு பொம்மைப் பெட்டி எங்கே இருக்கிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும், தீபாவளிக்கு வாங்கிய இனிப்பு எங்கே இருக்கிறது என்றும் தெரியும். இதை மட்டும் கண்டுபிடிக்க மாட்டார்கள் என்று நம்ப வேண்டாம். புதுத் துப்பாக்கியோடு வரும் கம்பிப் பூட்டைப் போல்ட் வழியாகக் கோத்துப் பூட்டுங்கள், அதன் மேல் இரும்பு அலமாரி ஒன்று வாங்குங்கள். பணம் பற்றவில்லை என்றால் ரைஃபிளை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள்.

சரி, கடைசியாக நீங்கள் எதை வாங்கச் சொல்கிறீர்கள்?

வீட்டில் பிள்ளைகளுக்கோ, முதல்முறை சுடும் மனைவிக்கோ கணவருக்கோ கற்றுத்தரப் போகிறீர்கள் என்றால் பழைய 10/22. நூறு டாலர் கூடுதலானாலும் பரவாயில்லை. மேகசினைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு "காலி" என்று சொல்வதைப் பத்து வயதுப் பிள்ளையும் பார்த்து, தானும் சரிபார்க்க முடிகிறது. எனக்கு அது ஒன்றே போதும்.

தனியாகப் போய்ச் சுடுபவர், கையில் பணம் குறைவு, பொறுமை அதிகம் என்றால், நல்ல நிலையில் ஒரு நார்த் ஹேவன் மார்லின் கிடைத்தால் விடாதீர்கள். ஐம்பது வருடத் துப்பாக்கி இன்னும் ஐம்பது வருடம் சுடும்.

ரேஞ்சுக்கு எந்தப் பையை எடுத்துப் போவது?

இதைக் கேட்காதவர்களுக்கும் நானே சொல்லிவிடுவேன். ரேஞ்சுக்கென்று தனிப் பை வைத்துக்கொள்ளுங்கள். மடிக்கணினிப் பையையோ ஊருக்குப் போகும் தோள்பையையோ ஒருநாளும் கொண்டுபோகாதீர்கள். .22 தோட்டா ஓர் அங்குலம்தான் இருக்கும். தையல் மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டால் கைக்குத் தட்டுப்படாது. இந்திய விமான நிலையங்களில் பையில் ஒரே ஒரு தோட்டா கிடைத்தாலும் போலீஸிடம் ஒப்படைப்பார்கள், ஆயுதச் சட்டத்தில் வழக்குப் போடுவார்கள். தெரியாமல் வந்துவிட்டது என்று நிரூபிக்க வழக்கறிஞர், நீதிமன்றம் என்று அலைய வேண்டியிருக்கும், விடுமுறை முழுக்க அதிலேயே போய்விடும். ஊருக்குக் கிளம்பும் முன் ஜீன்ஸ் பாக்கெட், ஜாக்கெட்டின் உள்பை, ஷூவின் உட்புறம் மூன்றையும் தட்டிப் பாருங்கள். சுட்ட காலிக் கூடுகள் எகிறி ஷூவுக்குள் விழுவது உண்டு, நான் இரண்டு முறை அப்படி எடுத்திருக்கிறேன்.